வெளியே போகும் பந்தைப் பிடித்தவள்

செய்தி வந்தபோது நான் ஹட்டனில் ஒரு பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தேன். கன்னத்துக்குள் பஞ்சு, உதடு மரத்திருந்தது. கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த உதவிப் பெண், கதவருகே நின்ற இன்னொருத்தியிடம் தன் தோட்டத்துச் செய்தியைச் சொன்னாள்.

"மேல் டிவிசன்ல தெய்வானையக்காவ குளவி கொட்டிருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டாற வழியிலேயே முடிஞ்சிருச்சாம்."

"எந்தத் தெய்வானை?"

"அதான், பந்து புடிக்குமே, அந்த அக்கா."

நான் ஏதோ சொன்னேன். பஞ்சுக்கும் கருவிக்கும் நடுவே அது சொல்லாக வெளிவரவில்லை. வைத்தியர் வலிக்கிறதா என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் பேசிப் பிழைத்த எனக்கு அந்த நேரத்தில் தலையாட்டக்கூடத் தெரியவில்லை. பாதி அடைத்த பல்லோடு எழுந்து தெருவுக்கு வந்தேன். பல் இன்னும் அப்படியே இருக்கிறது. வைத்தியர் இரண்டு தடவை ஆளனுப்பிவிட்டார். அந்த நாற்காலியில் மறுபடி சாய எனக்கு மனம் வரவில்லை.

தெய்வானையை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்: அவள் நாட்டின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்குக் கோல் காப்பாளராக நின்றவள், திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். இரண்டு வேலையையும் ஒரே காலத்தில் செய்தாள். சென்ற வாரம் நகரில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவளைத் தியாகச் சுடர் என்றும் மலையகத்தின் மாணிக்கம் என்றும் பேசினார்கள். பேசியவர்களில் யாரும் அவள் உயிரோடு இருந்தபோது ஒரு சோடிக் கையுறை வாங்கிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. நான் அறிந்த தெய்வானைக்கு நீண்ட கைகளும், அவற்றைவிட நீண்ட நாக்கும், யாராலும் அசைக்க முடியாத பிடிவாதமும் இருந்தன. அந்தப் பெண்ணைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஆசிய மட்டத்தில் நடந்த பெண்கள் போட்டியொன்றுக்கு நம் நாடும் ஓர் அணியை அனுப்புவதென்று தீர்மானமாயிற்று. தெரிவான பிள்ளைகளில் சிலர் தோட்டப்புறத்தவர். பெண்பிள்ளைகள் கடல் கடந்து போவதென்றால் பெண்ணொருத்தி கூடப் போக வேண்டும். அவளுக்குத் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் அவளைத் தேட யாரும் இருக்கக் கூடாது. இத்தனை தகைமையும் பொருந்தியவள் நான் ஒருத்தியே என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பேராதனையில் படித்து, ஹட்டனில் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த விளையாட்டைப் பற்றித் தெரிந்திருந்ததெல்லாம் அதனால் வகுப்பறைக் கண்ணாடிகள் உடையும் என்பது மட்டுமே.

கொழும்புப் பயிற்சி முகாமுக்கு ஒரு துணிப் பையோடு வந்து இறங்கியவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் எங்களுக்குக் காவலா டீச்சர்?"

"காவல் இல்லை. துணை முகாமையாளர்."

"அப்ப காவல்தான்," என்று மற்றப் பிள்ளைகளிடம் அறிவித்துவிட்டு உள்ளே போனாள்.

எங்கள் நட்பு, அதை நட்பென்று சொல்லலாமானால், அப்படித்தான் தொடங்கியது. கடவுச்சீட்டு எடுப்பதற்கு நாங்கள் அலைந்த அலைச்சலைத் தனியாக எழுத வேண்டும். எழுத மாட்டேன், இரத்த அழுத்தம் கூடும்.

முதலாவது ஆட்டத்திலேயே எதிரணி எங்களை நசுக்கியது. கோல்களின் எண்ணிக்கை இரட்டை இலக்கத்தைத் தொட்டது. தோல்வி எனக்கு வியப்பளிக்கவில்லை. எதிரணிப் பிள்ளைகள் பால்குடி காலம் தொட்டுப் புல்தரையில் பயின்றவர்கள். தெய்வானை ஆடிய விதந்தான் எனக்கு விளங்கவில்லை. கோல் கம்பத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரிய வெளியே போய்க்கொண்டிருந்த பந்துகளை எல்லாம் அவள் பாய்ந்து பாய்ந்து தடுத்தாள். தடுத்த பந்து திரும்பவும் ஆடுகளத்துக்குள் விழும். அங்கே காத்துக்கொண்டு நிற்பவள் அதை வலைக்குள் அடிப்பாள். சும்மா நின்றிருந்தால் வெளியே போயிருக்க வேண்டிய பந்துகளில் பாதி இப்படிக் கோலாக மாறின. பயிற்றுநர் சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்தினார். அது பலிக்காததால் நானும் எழுந்து என் தமிழில் கத்தினேன்.

"வெளியில போற பந்தை விடன், பிள்ளை!"

இடைவேளையில் அவளைப் பிடித்துக் கேட்டேன். "உனக்கு விசரோ? வெளியில போறதை ஏன் பாய்ஞ்சு பாய்ஞ்சு மறிக்கிறாய்?"

முழங்கை இரண்டிலும் தோல் உரிந்து, மூச்சு வாங்க நின்றவள், ஒன்றும் விளங்காமல் கேள்வி கேட்டுவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"வெளிய போனா யாரு டீச்சர் போய் எடுக்கிறது? கீழ ஆறுல?"

அருகில் நின்ற தோட்டத்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. "இங்கே ஆறு இல்லையடி. பந்து எடுத்துத் தரவே நாலு பேர் நிக்கினம்," என்றேன். திரும்பிப் பார்த்தாள். கோலுக்குப் பின்னால் ஒரே சீருடையில் நின்றவர்களை அப்போதுதான் கண்டாள் போலும். "அவங்களுக்கு இதான் வேலையா?" என்று கேட்டாள். தெரிந்துகொண்டும் பயனில்லை, இரண்டாம் பாதியிலும் உடம்பு பாயத்தான் செய்தது.

மாலைத் தேநீரின்போது எதிரணி முகாமையாளர், மிக நாகரிகமான பெண்மணி, என்னிடம் வந்து, உங்கள் கோல் காப்பாளருக்குக் கோல் எங்கே இருக்கிறதென்று தெரியாதா என்று இனிமையாகக் கேட்டார். "அது அவளுக்கு நன்றாகத் தெரியும், அம்மணி. பின்னால் ஆறு இல்லை என்பதுதான் இன்னும் தெரியவில்லை," என்றேன். அவர் அதை இலங்கையரின் தத்துவம் என்று நினைத்துக்கொண்டு தலையசைத்துப் போய்விட்டார்.

நாடு திரும்பியதும் பிள்ளைகளை அவரவர் வீட்டில் ஒப்படைப்பது என் கடமையாயிற்று. தெய்வானையின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலைக் கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். தராசின் அருகே கணக்கப்பிள்ளை. எங்களைக் கண்டதும் குரலை உயர்த்தினார்.

"வா, வா, வெளிநாட்டுக்காரி! வாங்குன கோல் எத்தன கிலோ? ஒத்தக் கூடைல அடங்கிச்சா?"

வரிசையில் சிரிப்பு. இவள் பையைக் கீழே வைத்தாள்.

"அடங்கலீங்க. மிச்சத்தப் படங்குல கட்டிக்கிட்டு வந்திருக்கேன். நீங்க நிறுத்துப் பாருங்க, கழிவு போகப் பாதிதான் வரும்."

இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தட்டிக்கொண்டு பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஈரத்துக்கு என்றும் கூடைக்கு என்றும் கழிவு வெட்டிப் பழகியவர் அந்த மனிதர். அன்று மாலை யாருக்கும் கழிவு வெட்டவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலையில் பஸ் வரும்வரை தோட்டத்து மைதானத்தைப் போய்ப் பார்த்தேன். அந்தப் பிரிவில் மட்டமான நிலம் அந்த ஒரு துண்டுதான். ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் சில அடியில் தரை முடிந்துவிடுகிறது, பிறகு செங்குத்தான தேயிலைச் சரிவு, அடியில் ஆறு. யார் பந்தை விடுகிறார்களோ அவர்தான் இறங்கி எடுத்து வர வேண்டும் என்பது அங்கே சட்டம். மழைக்காலத்தில் ஆறு பந்தை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். அவர்கள் திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. பையன்கள் ஆடும்போது பெண்பிள்ளையை நிறுத்துவதற்கு வேறு இடம் அவர்களுக்குத் தெரியவில்லை. சிறு வயதிலிருந்தே அவள் அந்தப் பக்கத்துக் கோலில்தான் நின்றிருக்கிறாள். நிலத்தோற்றம் மனிதரின் பழக்கத்தை எப்படி உருவாக்குகிறது என்று ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியவள் நான். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதன்பின் அவளுக்குக் கலியாணமாயிற்று. ஒரு மகள் பிறந்தாள். இடையிடையே முகாமுக்குப் போய்வந்தாள். நான் ஓய்வு பெற்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனுக்குச் சாமான் வாங்க வரும்போது என் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பாள். வந்ததும் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைத்தான் எடுப்பாள்.

புதிய நூற்றாண்டு பிறந்து சில வருடங்களில் பெண்கள் அணிகளுக்கும் உலகத் தரவரிசை வெளியிடத் தொடங்கினார்கள். அதுவரையில் ஆண்களின் அணிகளைத்தான் வரிசைப்படுத்தி வந்தார்கள். பெண்கள் ஆடியது காற்றோடு போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை மேசையில் விரித்து, அதன்மேல் உள்ளங்கையை அறைந்தாள்.

"டீச்சர், நம்ம பேரு!"

கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். "கடைசிக்குக் கிட்ட எல்லோ நிக்குது."

"நின்னா என்னங்க? பெரட்டுல கடைசியா நின்னாலும் பேரு கூப்பிட்டா வேலை இருக்கு. கூப்பிடலைன்னாத்தான லயத்து வீட்டுக்குத் திரும்பணும்."

காலையில் எல்லாரும் கூடிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தைத்தான் அவள் சொன்னாள். உலகம் அவளுக்கு அந்த வடிவத்தில்தான் விளங்கியது. "இத்தனை கோல் வாங்கிப்போட்டு என்ன பெருமை?" என்று நான் விடாமல் சீண்டினேன்.

"கொழுந்து கொறஞ்சா அரைநாள் சம்பளந்தான்னு அரைப்பேர் போடுவாங்கல்ல டீச்சர்? உலகத்துல நமக்கு அரைப்பேர் போட்டிருக்காங்க. முழுப்பேர் நாளைக்கு எடுத்துக்கலாம்."

பட்டியலை அவள் எப்போதும் கீழிருந்து மேலாகத்தான் வாசித்தாள். மேலிருந்து தொடங்கினால் நம் நாட்டுக்கு வந்து சேர்வதற்குள் பஸ் போய்விடும் என்பாள்.

பிறகொரு நாள் அப்படிக் கீழிருந்து வாசித்துக்கொண்டு போனவள், உச்சி வரை போய்விட்டுத் திரும்பவும் கீழே வந்தாள். "டீச்சர், நீங்க பாருங்க. எனக்குக் கண்ணு தெரியலையோ என்னமோ." எனக்கும் தெரியவில்லை, ஏனெனில் பெயர் இல்லை. விசாரித்து விதியைக் கண்டுபிடித்துச் சொன்னேன். குறித்த காலத்துக்குள் சர்வதேச ஆட்டம் ஒன்றுமே ஆடாத நாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். நம் பெண்கள் அணிக்கு நெடுங்காலமாக ஓர் ஆட்டமும் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கவில்லை. எவரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

அவள் பத்திரிகையை மடித்து மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். "செத்தவங்க பேரத்தானே டீச்சர் எடுப்பாங்க?" என்றாள்.

தோற்றபோதெல்லாம் பகிடி விட்டுச் சமாளித்தவளால் இதைச் சமாளிக்க முடியவில்லை. அதற்குப்பின் வந்த ஞாயிறுகளில் எல்லாம் ஒரே பேச்சு: கொழும்புக்குப் போக வேண்டும், கேட்க வேண்டும். நான் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். மறுத்தாள். "கடுதாசி போட்டா வருமா? நம்ம பேரு உருண்டு ஆத்துக்குப் போயிருச்சு டீச்சர். யாராச்சும் எறங்கித்தான் எடுக்கணும்." இறங்குவதற்குத் துணையாக என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கொழும்பில் எங்களைச் சந்தித்த அலுவலர் கெட்ட மனிதர் அல்லர், களைத்த மனிதர். உட்காரச் சொன்னார், குளிர்பானம் தந்தார். பிறகு சிங்களத்தில், தங்கையை அழைப்பதுபோல, கேட்டார்: "நங்கி, தோற்பதற்கு எதற்கு ஒரு ஆட்டம்? ஆடாமல் இருந்தால் தோல்வியாவது இல்லையே."

தெய்வானையின் சிங்களம் சந்தைச் சிங்களம். இலக்கணம் இராது, வேகம் இருக்கும். "மாத்தயா, எங்கட தோட்டத்தில் ஒருத்தியை வேலைக்கே கூப்பிடாமல் விட்டுவிட்டு, இவள் கொழுந்து குறைவாகப் பறிக்கிறாள் என்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் குளிர்பானத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். "தோற்க விடுங்கள். ஆடித் தோற்கிறோம்," என்று முடித்தாள்.

அந்த ஒரு பேச்சால் காரியம் நடந்துவிட்டது என்று அஞ்சலிக் கூட்டத்தில் கதை சொன்னார்கள். அப்படி நடக்கவில்லை. அவள் மறுபடியும் மறுபடியும் போனாள். பழைய பிள்ளைகளைத் தேடிப் பிடித்தாள். ஒருத்தி கந்தப்பளையில் தையல் கடை வைத்திருந்தாள், இன்னொருத்தி நல்லதண்ணியில் யாத்திரைக்காரருக்குத் தேநீர் விற்றாள். எல்லாரையும் திட்டித் திட்டிக் கூட்டிவந்து அந்த அலுவலரின் வாசலில் நிறுத்தினாள். கடைசியில் அயல்நாட்டு அணியொன்று கொழும்புக்கு வந்து ஆடச் சம்மதித்தது. இவளுக்கு அப்போது முப்பது கடந்துவிட்டது. பழைய கோல் காப்பாளர் என்ற மரியாதைக்கோ, தொல்லை தாங்காமலோ, முதற்பாதியில் அவளைக் கோலில் நிறுத்தினார்கள்.

நான் பார்வையாளர் வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது எதிரணிக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து ஓங்கி அடித்தாள். பந்து கம்பத்துக்கு வெளியே, நன்றாக வெளியே, வந்தது. தெய்வானையின் தோள் துடித்ததை நான் கண்டேன். அவள் பாயவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி நின்று, அது தன்னைக் கடந்து உருண்டு போவதைத் திரும்பி நின்று பார்த்தாள். பின்பு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, பார்த்தீர்களா என்பதுபோல இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். நான் குடையை உயர்த்தினேன். அன்றும் தோற்றோம், ஆனால் மானத்தோடு. சில வாரங்களில் நாட்டின் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது, கீழேதான். பத்திரிகையோடு படியேறி வந்தவள் கதவுக்கு வெளியிலிருந்தே, "கூப்பிட்டுட்டாங்க டீச்சர்!" என்று கத்தினாள். அக்கம்பக்கத்தார் யாருக்கோ வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள்.

இது சென்ற வருடம். அவள் போனது போன மாதம்.

அன்று நடந்ததை அவளோடு தேயிலை வரிசையில் நிரை பிடித்துப் பறித்த பெண்களிடம் கேட்டு அறிந்தேன். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது கூடு கலைந்தது. குளவி கிளம்பியதும் எல்லாரும் கூடையை வீசிவிட்டு ஓடினார்கள். அவளும் ஓடினாள். ஓட்டத்தில் அவளை வெல்ல அந்தத் தோட்டத்தில் ஆளில்லை. ரோட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி. பிழைத்துவிட்டாள். இதை எழுதும்போது நான் பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. அவள் ரோட்டில் நின்றிருக்கிறாள், ஒரு கொட்டும் இல்லாமல். பிறகு மேலே பார்த்திருக்கிறாள். மேல் நிரையில் வேறொரு கங்காணியின் கீழ் வேலை செய்த பாக்கியம் என்ற முதியவள், காது மந்தமானவள், நடந்தது என்னவென்றே தெரியாமல் இன்னும் பறித்துக்கொண்டிருந்தாள். தெய்வானை திரும்பி ஏறினாள். தன் படங்கை அவிழ்த்து அந்த மனுஷியின் மேல் போட்டு, அவளைக் கீழே தள்ளி அமுக்கினாள். தனக்கு மூட ஒன்றுமில்லை.

பாக்கியத்தை வார்டில் போய்ப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. நான் உரக்கக் கேட்க வேண்டியிருந்ததால் வார்டு முழுவதும் கேட்டது.

"அவ உங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லீங்க. நான் கீழ் லயம். எம் பேரே அவளுக்குத் தெரியாது. 'ஏய் கெழவி, படு! படுன்னா படு!'ன்னு கத்தி முதுகுல ஒரு அடி போட்டா. எவடி என்ன அடிக்கிறதுன்னு நான் வைஞ்சேன் டீச்சர். அதுதான் நான் அவகிட்ட பேசின பேச்சு." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இழவு வீட்டில் அந்தப் பழைய கணக்கப்பிள்ளை வந்து என் அருகில் நின்றார். மறுநாள் பெரட்டில் வாய்ப் பழக்கத்தில் தெய்வானை என்று கூப்பிட்டுவிட்டாராம். "கூப்பிட்ட பொறகுதாங்க நெனப்பு வந்துச்சு. எல்லாம் மலையைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சுங்க." எனக்கே கிடைக்காத ஆறுதலை அவருக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

அவளுடைய கையுறைகள் மகளிடம் இருக்கின்றன; அவற்றை நான் கேட்கவில்லை. என்னிடம் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, ஒரு பழக்கம். இந்த வாரம் புதிய தரவரிசை பத்திரிகையில் வந்தது. கீழிருந்து வாசித்தேன். நாட்டின் பெயர் இருக்கிறது. கவலைப்பட வேண்டாம் என்று சொல்வதற்குத் தலையை நிமிர்த்தினேன். எதிர் நாற்காலி வெறுமையாக இருந்தது.

மற்றது, முடியாத ஒரு சண்டை. அந்தக் கிழவி உன் நிரை இல்லை, உன் லயம் இல்லை, உனக்கு ஒரு முறையும் இல்லை. அது வெளியே போகிற பந்து. கொழும்பில் விடத் தெரிந்த உனக்கு இங்கே ஏன் விடத் தெரியவில்லை என்று ஒவ்வொரு நாளும் அவளைக் கேட்கிறேன். பலத்த குரலில்தான் கேட்கிறேன். அவளும் விடுவதில்லை. முழங்கைத் தோல் உரிந்து, மூச்சு வாங்க நின்றுகொண்டு, ஒன்றும் விளங்காமல் கேள்வி கேட்டுவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறாள்.

"வெளிய போனா யாரு டீச்சர் போய் எடுக்கிறது?"